மின்னஞ்சலைத் தாளில் பிடிப்பது எப்படி?

மின்னஞ்சல் என்றதும் படங்களும் பொத்தான்களும் நிறைந்த திரைதான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால், வெறும் எழுத்துகளை மட்டுமே காட்டும் அஞ்சல் நிரல்களும் உண்டு. அவற்றுள் ஒன்று ‘மட்’. 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் உருவாக்கியது. லினக்ஸ் கணிப்பொறிகளில் இன்றும் இயங்குகிறது. எல்லா வேலையும் விசைப்பலகையில்தான்.

இதில் வந்த ஒரு கடிதத்தைப் பி.டி.எஃப். கோப்பாக்க வேண்டும். கடிதத்தைத் திறந்து ‘பி’ விசையைத் தட்டுங்கள். அச்சிடலாமா என்று மட் கேட்கும். வேடிக்கை என்னவென்றால், மட்டுக்கு அச்சிடவே தெரியாது! கடிதத்தை வேறொரு நிரலின் கையில் கொடுத்துவிடும், அவ்வளவுதான். எந்த நிரல் என்பதை அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் நாம் எழுதி வைக்கலாம். அந்த வரியில் இரண்டு நிரல்களைச் சங்கிலிபோல் கோப்பதே வழக்கம். முதல் நிரல் எழுத்துகளைப் பக்கமாக அடுக்கி, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சு மொழியில் எழுதும். இரண்டாவது நிரல் அதைப் பி.டி.எஃப். ஆக மாற்றும்.

முதல் நிரலாக ‘என்ஸ்கிரிப்ட்’ என்பதை வைத்தால் ஆங்கிலக் கடிதம் அழகாக வரும். தமிழ்க் கடிதமோ கிறுக்கலாக வரும். ஏன்?

கணிப்பொறிக்குத் தெரிந்தவை எண்களே. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டுகள் வேண்டும். ‘தமிழ்’ என்பதில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆக 15 பைட்டுகள். ‘த’ என்பது 224, 174, 164. பழைய நிரலான என்ஸ்கிரிப்ட், ஒரு பைட்டு என்றால் ஓர் எழுத்து என்றே எண்ணுகிறது. எனவே ‘த’ இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கீற்றுள்ள ஓர் ‘ஏ’, வட்டத்துக்குள் ஓர் ‘ஆர்’, ஒரு நாணயக் குறி ஆகிய மூன்றும் வந்து நிற்கும்.

எண்களைச் சரியாகப் படித்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ‘செய்தி’ என்று எழுதும்போது நாம் கொம்பை முதலில் போடுகிறோம். கணிப்பொறியின் நினைவகத்திலோ ‘ச’ முன்னால், கொம்பு பின்னால்! அச்சில் இடம் மாற்றிப் போட ஒருவர் வேண்டுமே? ‘பாங்கோ’ என்னும் நிரல்தொகுப்பு அதைச் செய்கிறது. அதன் துணையோடு இயங்கும் ‘பாப்ஸ்’ நிரலை என்ஸ்கிரிப்டுக்குப் பதில் அமர்த்துங்கள். கணிப்பொறியில் தமிழ் எழுத்துரு இருந்தால் தமிழ் தமிழாகவே வரும்.

கடிதத்துடன் வந்த படங்கள் இதில் வாரா. அவற்றைத் தனியே சேமியுங்கள். கோப்பின் பெயரில் நாளும் நேரமும் சேரும்படி அந்த வரியை அமையுங்கள். ஒரே பெயரை வைத்தால் இன்றைய கடிதம் நேற்றைய கடிதத்தை அழித்துவிடும்.