கன்றும் அதன் காவலும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகளில் பிரயாணம் செய்கிறவர்கள், மேட்டு நிலச் சரிவுகளிலும் வயல் ஓரங்களிலும் இளம்பச்சையாகவோ பழுப்பாகவோ குழாய்கள் வரிசை பிடித்து நிற்பதைக் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு மரக்கன்று இருக்கிறது. அந்நாட்டு வனத்துறை ஆணையத்தைச் சேர்ந்த கிரஹாம் டூலி என்பவர் 1979-இல் ஓக் கன்றுகளைக் கொண்டு பரீட்சித்துப் பார்த்த இந்த முறை, சொற்ப காலத்தில் பிரசித்தி பெற்றது. பிரசித்தியோடு கூடவே சில பிரமைகளும் பரவின.

நம்பிக்கை: ஊன்றுகோல் கன்றைத் தாங்குவதற்காகவே நடப்படுகிறது, எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோமோ அவ்வளவுக்குக் கன்று பலப்படும்.

உண்மை: கொடிக்குக் கொழுகொம்பு எப்படியோ அப்படியே மரத்துக்கு ஊன்றுகோல் என்று எண்ணுவதால் வரும் அபிப்பிராயம் இது. குழாயோடு நடப்படும் கம்பு குழாயைத் தாங்குவதற்கே அன்றிக் கன்றைத் தாங்குவதற்கு அன்று. கன்றை அதனோடு கட்டவே வேண்டியதில்லை. குழாயின்றி நடப்படும் பெரிய கன்றுகளுக்குக் கம்பு அவசியமானாலும், கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத இடத்தில் தளர்வாகக் கட்டி, வேர் பிடித்ததும் அவிழ்த்துவிடுவதே முறை. காற்றில் ஆடுவதனால்தான் தண்டு தடிக்கிறது. வேரும் பரவி மண்ணை இறுகப் பற்றுகிறது. தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர் 1803-ஆம் ஆண்டிலேயே இளம் ஆப்பிள் மரங்களில் இதைப் பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டார்: தடையின்றி ஆட விட்டவை, அசையாதபடி கட்டப்பட்டவற்றை விட அடிமரம் பருத்தன, ஒரே திசையில் மட்டும் ஆட அனுமதிக்கப்பட்ட மரத்தின் தண்டோ அந்தத் திசையில் அதிகமாகப் பருத்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் சணல் கயிற்றால் கன்றின் கழுத்தை நெரித்துக் கட்டுகிறவர்களைக் கண்டால், அவர்களுடைய அன்பைக் குறைகூற மனம் வராவிட்டாலும் கயிற்றைக் குறைகூறாமல் இருக்க முடியவில்லை. கம்பின் நுனி குழாயின் விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நிற்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. இல்லையேல் வெளியே தலைநீட்டும் தண்டு காற்றடிக்கும் போதெல்லாம் அதில் உரசிப் பட்டை உரிந்துபோகும்.

நம்பிக்கை: குழாய்க்குள் மரம் வேகமாக வளர்கிறது, ஆகையால் திடமாகவும் வளர்கிறது.

உண்மை: முற்பாதி மெய், பிற்பாதி அவசர முடிவு. குழாய்க்குள் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்து காற்று அடங்கியிருப்பதால், கன்று ஒளியைத் தேடி விறுவிறுவென்று உயர்கிறது; ஆனால் உயரத்துக்கேற்ற பருமன் தண்டுக்கு வருவதில்லை. குழாய்க்கு மேலே தலை காட்டிக் காற்றில் பழகிய பின்னரே தடிக்கத் தொடங்குகிறது. ஆகவே, நன்றாக வளர்ந்துவிட்டதே என்று மகிழ்ந்து குழாயைச் சீக்கிரம் கழற்றுகிறவர், கன்று வளைந்து தரையில் சாய்வதைக் காண்பார்.

நம்பிக்கை: குழாய் மாட்டிவிட்டால் வேறு காவல் வேண்டாம்.

உண்மை: எந்தப் பிராணிக்கு எதிரான காவல் என்பதைப் பொறுத்தது அது. முயலுக்கு 60 சென்டிமீட்டர் போதும். ரோ மானுக்கு 1.2 மீட்டரும், பெரிய செம்மானுக்கு 1.8 மீட்டரும் தேவை. குட்டைவால் எலியோ மேலே ஏறுவதில்லை. குழாயின் அடி மண்ணுக்குள் பதியாவிட்டால், அந்தச் சந்து வழியே புகுந்து பட்டையைச் சுற்றிலும் கொறித்துக் கன்றைக் கொன்றுவிடும். புல்லுக்கு எதிராகவும் குழாயால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. கன்றுக்குப் போக வேண்டிய நீரைப் புல்லின் வேர்கள் முந்திக் குடித்துவிடுவதால், கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்காவது முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் களையை நீக்கியோ மூடாக்கு இட்டோ காப்பாற்ற வேண்டும்.

நம்பிக்கை: குழாய் வெயிலில் தானே மக்கி மறைந்துவிடும்.

உண்மை: பெரும்பாலான குழாய்கள் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. வெயில் பட்டால் அது வெடித்துத் துண்டு துண்டாகும், மக்கி மண்ணாகாது. மரம் நன்றாகத் தழைத்து நிழல் விழுந்துவிட்டாலோ வெடிப்பதும் தாமதப்பட்டு, பருத்து வரும் அடிமரத்தையே குழாய் இறுக்கத் தொடங்கும். உட்லண்ட் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் அமைப்பு, 2021-ஆம் ஆண்டின் இறுதிக்குள் தன் நிலங்களில் பிளாஸ்டிக் காப்புகளை நிறுத்திவிடுவதாக அறிவித்ததும் இக்காரணம் பற்றியே. ஆயிரம் கன்று நடுகிறவர் ஆயிரம் குழாய்களையும் திரும்பப் பொறுக்கி எடுப்பதற்கான கூலியை நடும் நாளிலேயே கணக்கில் சேர்த்து ஒதுக்கி வைக்கட்டும். அதற்கு வசதியில்லாதவர் நிலத்தைச் சுற்றி வேலி போடுவதே மேல்.