உங்கள் ஊர் பின்கோடு பகா எண்ணா?

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையின் பின்கோடு 626101. தபால்காரருக்கு அது ஊர் அடையாளம். கணக்கில் அது ஒரு முழு எண். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபட்டால் பகா எண். வேறு எண்ணாலும் வகுபட்டால் பகு எண். இது எந்த வகை? உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கலாம்.

1. ஸ்டார்ட் மெனுவில் கால்குலேட்டரைத் திறந்து, சயின்டிபிக் வகைக்கு மாற்றுங்கள்.

2. 626101 என டைப் செய்து 'மாட்' பட்டனை அழுத்துங்கள். பிறகு 2 கொடுத்து, சமக்குறியை அழுத்துங்கள். வரும் விடைதான் மீதி.

3. அடுத்து 3, 5, 7 எனப் பகா எண்களாகக் கொடுத்து வாருங்கள்.

2, 3, 5 மூன்றுக்கும் மீதி 1. ஆனால் 7-க்கு மீதி 0! ஆக இது பகு எண்: 7 x 89443.

89443-ஐயும் உடைக்க முடியுமா? அதன் வர்க்கமூலம் சுமார் 299. அதற்குள் இருக்கும் 62 பகா எண்களைச் சோதித்தால் போதும். எதற்கும் மீதி 0 வராது. எனவே அது பகா எண். பக்கத்து ஊர் திருச்சுழியின் 626129-ஐ நீங்களே உடைத்துப் பாருங்கள். விடை: 7 x 23 x 3889.

இதனால் என்ன பயன்? இன்டர்நெட்டில் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. பூட்டு இதை நம்பித்தான் இருக்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கினால் 617 இலக்க எண் கிடைக்கும். பெருக்குவது நொடி வேலை. திரும்ப உடைப்பது மலை. 250 இலக்க எண் ஒன்றை 2020-ல் உடைப்பதற்கே, பல்லாயிரம் கம்ப்யூட்டர்கள் சில மாதங்கள் உழைத்தன.

ஒரு எச்சரிக்கை: பூட்டு, வழியில் யாரும் படிக்காமல் தடுக்கும். எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா என்று சொல்லாது. பாஸ்வேர்டு கொடுக்கும் முன் வெப்சைட் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.