வீட்டு ரூட்டரின் கதவுகள்

சங்கரன்கோவிலில் என் வீட்டுக் கணினியில்தான் மாலையில் எமிஸ் பதிவுகளைச் சரிபார்ப்பேன். கோடை விடுமுறையில், இணைய விளையாட்டுக்காக என் மகன் ரூட்டரில் 'டி.எம்.இசட்.' வசதியை அதே கணினிக்கு இயக்கியிருந்தான். அதன் போர்ட்டுகள் ஏறக்குறைய அனைத்தும் வெளியுலகுக்குத் திறந்து கிடந்தன. உள்ளே இருந்தவை நம் மாணவர்களின் விவரங்கள்!

போர்ட் என்பது எண்ணிட்ட கதவு. 65,535 வரை எண்கள் உண்டு. பாதுகாப்பான இணையதளங்களுக்கு 443, பழைய டெல்நெட்டுக்கு 23. ஃபயர்வால் வாயிற்காவலர். நாம் கேட்டதற்கு வரும் பதிலை உள்ளே விடுவார்; அழையாமல் வருவோரைத் தடுப்பார்.

காவலரையே மாற்றிவிடக்கூடியது நிர்வாகக் கடவுச்சொல். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்களைத் தீநிரல் ஒன்று தாக்கியது. ஆலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் வைத்திருந்தவை அதில் சிக்கின.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) உலாவியில் தட்டி நுழையுங்கள்.
2. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு.
3. ஃபயர்வால் இயங்குகிறதா எனப் பாருங்கள்.
4. டி.எம்.இசட்., போர்ட் ஃபார்வர்டிங், ரிமோட் மேனேஜ்மென்ட் ஆகியவற்றில் தேவையற்றதை நிறுத்துங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு: பத்து மாணவர்கள் எண் அட்டையுடன் கதவுகளாக நிற்கட்டும், ஒருவர் காவலர். கடிதம் அனுப்பியவருக்கு மட்டுமே பதில் உள்ளே வரலாம்.

மகனை நான் திட்டவில்லை. அவன் கையாலேயே டி.எம்.இசட்.டை நிறுத்தச் சொன்னேன். விளையாட்டு நின்றுவிடவில்லை, அவனுக்கே வியப்பு!