பாதி விலைக்குப் புது லேப்டாப்பா? பிட் போடுவதற்கு முன்

ஃப்ரீலான்ஸ் வேலைக்கு இறங்கினாலும் சரி, 'சொந்த சிஸ்டம் இருக்கிறதா?' என்று ஹெச்.ஆர். கேட்கும் வொர்க் ஃப்ரம் ஹோம் வேலைக்கு அப்ளை செய்தாலும் சரி, முதல் முதலீடு லேப்டாப். கடையில் 700 டாலர் சொல்லும் மாடல், ஈபே ஏலத்தில் 'பிராண்ட் நியூ' என்ற அறிவிப்போடு 310 டாலரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கலாமா, வேண்டாமா என்று குழம்புவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: மீதி 390 டாலர் யார் தலையில் விழுகிறது?

லேப்டாப் விற்பனையில் மார்ஜின் மிகக் குறைவு. அதிலேயே ஈபே கமிஷனும் கூரியர் செலவும் போக வேண்டும். லாபத்தை விட்டுக்கொடுத்து மட்டும் யாராலும் நடப்பு மாடலைப் பாதி விலைக்குத் தர முடியாது. போன வருட ஸ்டாக்கைத் தள்ளிவிடும் கம்பெனி அந்த நஷ்டத்தை ஏற்றிருக்கலாம். அது நியாயமான காரணம். கார்டு திருடப்பட்ட ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கலாம். அல்லது அது உங்கள் தலையிலேயே விழப்போகிறது. எது என்று தெரியும்வரை பிட் பட்டனைத் தொடாதீர்கள்.

1. உண்மையான விலையைப் பிடியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஏலத்தில் தெரியும் தொகை இன்னும் விலை ஆகவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கடைசி நிமிடத்தில்தான் உள்ளே வருவார்கள். அதனால் 310 என்பது மட்டும் சந்தேகத்துக்குக் காரணம் இல்லை. தேடலில் 'சோல்டு ஐட்டம்ஸ்' ஃபில்டரைப் போட்டு, அதே மாடல் நம்பர் சமீபத்தில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். சீல் உடைக்காத புதுசு 600 டாலரைச் சுற்றி முடிந்திருந்தால் அதுதான் மார்க்கெட். மாறாக, ஏலமே இல்லாமல் 'பை இட் நவ்' விலையாக ஒருவர் 310 போட்டிருந்தால் உஷாராகுங்கள். 600 கிடைக்கும் இடத்தில் பாதியைக் கேட்பவருக்கு அவசரம் ஏதோ இருக்கிறது. ஷிப்பிங் தொகையையும் கூட்டிப் பாருங்கள். ஆரம்ப விலையைத் தாழ்த்திவிட்டு ஷிப்பிங்கில் பிடிப்பது பழைய வழக்கம்.

2. லிஸ்டிங்கை ஒரு கான்ட்ராக்ட் போல வரிவரியாகப் படியுங்கள். பெரும்பாலான ஏமாற்றங்களில் திருட்டே இருக்காது. எல்லாம் எழுதித்தான் இருக்கும், வாங்குபவர் படித்திருக்க மாட்டார். ஈபேயில் 'நியூ' வேறு, 'ஓபன் பாக்ஸ்' வேறு, 'ரிஃபர்பிஷ்டு' வேறு. தலைப்பில் 'நியூ' என்றும் கீழே கண்டிஷன் கட்டத்தில் 'ஓபன் பாக்ஸ்' என்றும் இருந்தால் கீழே இருப்பதை நம்புங்கள். 'அப்கிரேடு செய்வதற்காக சீல் திறக்கப்பட்டது' என்ற வரியையும் தேடுங்கள். அடிப்படை மாடலை வாங்கி, ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றி விற்கும் ரீசெல்லர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். அது தவறான தொழில் இல்லை. ஆனால் மாற்றிய பாகத்துக்குத் தயாரிப்பாளர் வாரன்ட்டி தரமாட்டார், விற்றவர்தான் தர வேண்டும்.

ஸ்பெக்கில் மூன்று இடங்களில் கண் வையுங்கள். முதலாவது பிராசசர். 'கோர் ஐ7' என்று மட்டும் எழுதி மாடல் நம்பரை விட்டிருந்தால் அது 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையாகக்கூட இருக்கலாம். விண்டோஸ் 11-க்கு இன்டெல் பக்கம் பொதுவாக எட்டாம் தலைமுறை தேவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. க்ளையன்ட்டின் டேட்டாவைத் தொடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இரண்டாவது ஸ்டோரேஜ். '1 டிபி' என்று தலைப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே போனால் 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜும், ஒரு வருட கிளவுட் சந்தாவும்தான். மூன்றாவது ரேம். போர்டோடு சால்டர் செய்யப்பட்ட 4 ஜிபி என்றால் கடைசிவரை அதுதான்.

3. விற்பவரின் வரலாற்றை ரெஸ்யூம் போலச் சோதியுங்கள். '99.8 சதவீதம் பாசிட்டிவ்' என்ற எண்ணோடு திருப்தி அடைவது, மார்க்கை மட்டும் பார்த்து ஆள் எடுப்பது போன்றது. ஃபீட்பேக்கைத் திறந்து அவர் இதுவரை எதை விற்றார் என்று பாருங்கள். பல வருடமாகக் குழந்தைத் துணி விற்ற அக்கவுன்ட் இந்த வாரம் திடீரென்று இருபது லேப்டாப்பைப் பட்டியலிட்டால், அதன் பாஸ்வேர்டு வேறு ஒருவர் கைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். புது அக்கவுன்ட், ஒரு டாலர் ஐட்டங்களாக வாங்கிச் சேர்த்த ஃபீட்பேக், உடனே விலை உயர்ந்த பொருள் என்ற வரிசையும் மோசமான அடையாளம்.

இன்னொரு மோசடி இதைவிட நுணுக்கமானது. நீங்கள் பணம் கட்டியதும், விற்பவர் திருட்டு கார்டில் ஒரு பெரிய கடையில் ஆர்டர் போட்டு, உங்கள் முகவரியைக் கொடுத்துவிடுவார். லேப்டாப் உண்மையிலேயே புதிதாக, சீலோடு வரும். நீங்களும் ஐந்து நட்சத்திரம் கொடுப்பீர்கள். அதனால்தான் இப்படிப்பட்டவரின் ரேட்டிங் சில வாரம் பளபளப்பாக இருக்கிறது. கார்டின் சொந்தக்காரர் புகார் செய்ததும், பொருள் போன முகவரி என்று பதிவில் இருப்பது உங்களுடையது. ஈபேயில் தனிநபரிடம் வாங்கிய பொருள் வேறு கடையின் பெட்டியில், வேறு ஒருவர் பெயர் போட்ட பில்லோடு வந்தால் உடனே ஈபேக்குத் தெரிவியுங்கள். மௌனமாக இருப்பது உங்களைக் காப்பாற்றாது.

4. மெசேஜில் கேளுங்கள். வாரன்ட்டி முடியும் தேதி என்ன? சொந்தமாக எடுத்த போட்டோ உண்டா? பில் கிடைக்குமா? முழு சீரியல் நம்பரைத் தர நல்ல விற்பனையாளரும் தயங்குவார், ஏனென்றால் அதை வைத்துப் பொய் வாரன்ட்டி க்ளைம் போட முடியும். வாரன்ட்டி பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் தரத் தயங்கக் காரணம் இல்லை. பதிலே வராவிட்டால் அடுத்த லிஸ்டிங்குக்குப் போங்கள்.

5. பணம் சைட்டுக்கு உள்ளேயே. 'வெளியே அனுப்பினால் இன்னும் 40 டாலர் குறைக்கிறேன்' என்பவரோடு பேச்சை முடித்துவிடுங்கள். கிஃப்ட் கார்டு, வயர் டிரான்ஸ்ஃபர், கிரிப்டோ எதுவானாலும் ஈபேயின் மணி பேக் கேரன்ட்டி அதோடு போயிற்று. ஏலத்தில் தோற்ற பிறகு 'செகண்ட் சான்ஸ்' என்று மெயில் வந்தால், அது உங்கள் ஈபே மெசேஜிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போலி.

6. மேக்ஸிமம் பிட்டை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்தத் தொகையை ஒரே தடவை போட்டால் சிஸ்டமே தேவையான அளவுக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளும். எதிராளியைப் பார்த்துக் கோபத்தில் ஐந்தைந்து டாலராக ஏற்றுகிறவர்தான் விற்பவருக்குப் பிடித்த வாடிக்கையாளர். இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் இன்னும் கறாராகக் கணக்குப் போட வேண்டும். ஈபேயின் இந்தியத் தளம் 2018-இலேயே மூடப்பட்டதால் வாங்குவது வெளிநாட்டிலிருந்துதான். லேப்டாப் இறக்குமதிக்கு இந்தியா 2023-இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டில், கூரியர் வழியாக வரும் ஒரு லேப்டாப்புக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு, வரிக்கு விலக்கு இல்லை. அமெரிக்க வாரன்ட்டி சென்னை சர்வீஸ் சென்டரில் செல்லுமா என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். செல்லாதென்றால் அதற்கும் ஒரு தொகையைக் கழித்துவிட்டுத்தான் பிட்.

7. பெட்டி வந்த நாளே டெஸ்ட். சீல் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். பிறகு வேலையைத் தொடங்காமல், விண்டோஸை முழுதாக ரீசெட் செய்து, வைஃபையோடு இணைத்து செட்டப் ஓட்டுங்கள். ஏதாவது கம்பெனியின் பெயர் போட்ட லாகின் திரை வந்தால், அது அந்த நிறுவனத்தின் நிர்வாகத்தில் பதிவான மெஷின். மேக்புக்கில் அதுவே 'ரிமோட் மேனேஜ்மென்ட்' திரையாக வரும். நெட் இல்லாமல் செட்டப் முடித்து விற்றால் இந்தப் பூட்டு கண்ணில் படாது, அதனால்தான் ரீசெட் அவசியம். இதைத் தவறவிட்டால், டெட்லைனுக்கு நடுவே ஏதோ ஒரு நாள் மெஷின் உங்களை வெளியே நிறுத்தும். அடுத்து, விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் சார்ஜ் சைக்கிளைப் பாருங்கள். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தனியாகப் பாருங்கள். 'புது' மெஷினில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பதிவாகியிருந்தால் அது புதுசு இல்லை.

ஆபீஸுக்கு வாங்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் இதே சோதனைகளை ஒரு பக்க ஷீட்டாக மேனேஜரிடம் கொடுங்கள். மாடல், சோல்டு விலை, வாரன்ட்டி, வரி என நான்கு காலம் போதும். சிறிய ஸ்டார்ட்அப்பில் இப்படிக் கணக்கோடு பேசுகிறவரிடம்தான் அடுத்த பர்ச்சேஸும் வரும். இறக்குமதியில் கட்டிய ஐஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க கம்பெனி பெயரில் கஸ்டம்ஸின் பில் ஆஃப் என்ட்ரி வேண்டும் என்பதை ஆர்டருக்கு முன்பே அக்கவுன்ட்ஸிடம் பேசிவிடுங்கள். தனிநபர் பெயரில் வந்த பார்சலுக்கு அந்த க்ரெடிட் கிடைக்காது.

உங்களுக்கோ கம்பெனிக்கோ, லிஸ்டிங்கில் எழுதியதற்கு மாறாகப் பொருள் வந்தால் டெலிவரியிலிருந்து 30 நாளுக்குள் ஈபேயில் ரிட்டர்ன் ரிக்வெஸ்ட் போட வேண்டும். 'இன்னும் ஒரு வாரம் பொறுங்கள், வேறு அனுப்புகிறேன்' என்று விற்பவர் இழுத்தடிப்பது அந்த நாட்களைத் தீர்ப்பதற்குத்தான். ரிக்வெஸ்ட்டைப் போட்டுவிட்டுப் பேச்சுவார்த்தையைத் தொடருங்கள்.