முதல் கேமரா: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. செமஸ்டர் முடிவதற்குள் சொந்தமாக ஒரு கேமரா வாங்கிவிட வேண்டும், கடைக்காரர் கேனான் 1500டி எடுக்கச் சொல்கிறார், "24 மெகாபிக்ஸல் போதுமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போதும். ஆனால் ஒரு கேமராவைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்ல. நீ எதை எடுக்கப்போகிறாய், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் நின்று? இந்த மூன்றுக்கும் விடை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களில் உனக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று நீயே பிரித்துவிடுவாய்.

உன் விடை உன் கடிதத்திலேயே இருக்கிறது. சமையலறையில் அம்மாச்சியின் முகம், திருவிழா இரவில் கரகாட்டம், சாயங்காலக் கடைத்தெரு. அத்தனையும் மனிதர்கள், அத்தனையும் குறைந்த வெளிச்சம், அத்தனையும் கிட்டத்தில். இதை மனதில் வைத்துத்தான் இனி எழுதுவதெல்லாம். பறவை எடுக்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் வேறு கடிதம் எழுதியிருப்பேன்.

மெகாபிக்ஸல் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 1500டி தரும் படம் 6000க்கு 4000 புள்ளிகள். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் வழக்கமான 12க்கு 18 அங்குலப் பக்கத்தில் அதை அச்சிட்டால் அங்குலத்துக்கு 333 புள்ளிகள் வரும். நல்ல அச்சுக்கு 300 போதும். இதற்குக் கீழே உள்ள 3000டி 18 மெகாபிக்ஸல்தான்; அதன் படம் 5184 புள்ளி அகலம். 18க்கும் 24க்கும் பெரிய இடைவெளி இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் அகலத்தில் கூடுவது சுமார் 16 விழுக்காடுதான். 2003இல் கேனான் 300டி வந்தது. ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் சாதாரண மனிதர் கைக்கு வந்த முதல் டிஎஸ்எல்ஆர் அது. அதில் இருந்தது 6.3 மெகாபிக்ஸல். அதை வைத்துத் தொழில் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணிக்கையைவிட சென்சாரின் பரப்பு முக்கியம். 1500டி-யில் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர் சென்சார், ஏபிஎஸ்-சி என்பார்கள். சாதாரணக் கைபேசியில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. பெரிய பரப்பு அதிக ஒளியை வாங்கும், அதனால் இருட்டில் புள்ளிப் புள்ளியாக நொய்ஸ் வருவது குறையும். கூடவே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். கைபேசி ஒரு சொடுக்கில் பல படங்களை எடுத்து, கணக்குப் போட்டு ஒன்றாக்கிவிடுகிறது. ஜன்னலுக்கு எதிரே ஆளை நிறுத்தி எடுத்தால் உன் கைபேசிப் படம் முதல் பார்வைக்கு நன்றாகத் தெரியலாம். டிஎஸ்எல்ஆர் அந்த வேலையை உனக்காகச் செய்யாது. ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுத்து, முகத்துக்கு வெளிச்சத்தை அளந்து, மீதியைக் கணினியில் நீ செய்ய வேண்டும். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள விருப்பமிருந்தால் மட்டுமே இந்தக் கேமராவுக்குச் செலவு செய்.

இனி லென்ஸ். பணம் போக வேண்டிய இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாடியோடு வருகிற 18-55 கிட் லென்ஸ் மோசமானதல்ல. பகலில், வெளியில், எஃப் 8இல் வைத்து எடுத்துப்பார், மிகத் துல்லியமாக இருக்கும். அதன் குறை வேறு. 55க்கு நீட்டினால் அதன் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். கரகாட்டத்தில் இது என்ன செய்யும் என்று பார். ட்யூப்லைட் வெளிச்சம், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400. கிட் லென்ஸில் உனக்கு 1/30 நொடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள். ஆடுகிறவரின் கையும் முகமும் இழுபட்டுக் கலங்கும். அதே இடம், அதே ஐஎஸ்ஓ, எஃப் 1.8 என்றால் 1/250 கிடைக்கும். ஆட்டம் உறைந்து நிற்கும். கிட் லென்ஸில் ஐஎஸ் என்று ஒன்று இருக்கிறதே என்பாய். அது உன் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், ஆடுகிறவரை நிறுத்தாது.

கேனானின் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் 160 கிராம்தான், அவர்கள் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றுள் ஒன்று. ஆனால் ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 80 எம்எம் போலக் குறுகிய பார்வை தரும். சமையலறையில் அம்மாச்சியை எடுக்க நீ சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் முகமும் தோளும்தான் அடங்கும். அறைக்குள் எடுக்க 24 எம்எம் எஃப் 2.8 பொருத்தம். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்காதே. முதல் இரண்டு மாதம் கிட் லென்ஸில் எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, எந்த எம்எம்மில் அதிகம் எடுத்திருக்கிறாய் என்று பார். கோப்பிலேயே அது பதிவாகியிருக்கும். உனக்கு எந்த லென்ஸ் வேண்டும் என்பதை அதைவிடச் சரியாக நானும் சொல்ல முடியாது, கடைக்காரரும் சொல்ல முடியாது.

கிட் லென்ஸ் வாங்கும்போது அதன் உடம்பில் எழுதியிருப்பதைப் படி. "18-55 ஐஎஸ் II" என்றிருந்தால் நடுக்கம் தடுக்கும் வசதி உண்டு. வெறும் "III" என்றிருந்தால் கிடையாது. எண் பெரியதாக இருக்கிறதே, புதியது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்து வியூஃபைண்டர். இந்த வகைக் கேமராக்களில் கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாகச் சிறு ஆடிகளை அடுக்கியிருப்பார்கள். எடையும் விலையும் குறையும், காட்சி கொஞ்சம் மங்கலாகவும் சிறிதாகவும் தெரியும். 1500டி-யில் காட்சியின் 95 விழுக்காடுதான் உன் கண்ணுக்கு வரும். ஓரத்தில் நீ பார்க்காத ஒரு கம்பமோ யாருடைய முழங்கையோ படத்தில் வந்து நிற்கும். நீ கண்ணாடி போடுகிறவன் என்பதால் இன்னொன்று: வியூஃபைண்டர் பக்கத்தில் உன் பார்வைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள ஒரு சின்னச் சக்கரம் இருக்க வேண்டும். 1500டி-யில் இருக்கிறது. 3000டி-யில் அதையே எடுத்துவிட்டார்கள், லென்ஸ் மாட்டும் வளையத்தைக்கூட உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கற்கப்போகிற ஒருவனுக்கு அது ஆகாது. விலை எவ்வளவு குறைந்தாலும் 3000டி பக்கம் போகாதே.

1500டி-யின் உண்மையான பலவீனம் ஃபோகஸ். ஒன்பது புள்ளிகள் இருக்கின்றன. நடுவில் இருப்பது மட்டும்தான் குறுக்கு வகை, அதாவது படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு இரண்டையும் பிடிக்கக்கூடியது. மற்ற எட்டும் ஒரு திசைக் கோட்டை மட்டுமே நம்பியிருப்பவை. மங்கிய வெளிச்சத்தில் ஓரப் புள்ளியை முகத்தில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடி கேமராவை நகர்த்திச் சட்டகம் அமைத்துக்கொள். ஆனால் எஃப் 1.8இல் கிட்டத்தில் நின்று அப்படி நகர்த்தினால் ஃபோகஸ் கண்ணை விட்டுக் காதுக்குப் போய்விடும். அப்போது எஃப் 2.8க்கு மூடிக்கொள்.

இதில் கடையிலேயே செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. வியூஃபைண்டரில் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸைக் கணிப்பது படம் பதியும் சென்சார் அல்ல. அதற்கென்று ஆடிப்பெட்டியின் அடியில் தனிச் சென்சார். இரண்டுக்கும் லென்ஸிலிருந்து உள்ள தூரம் இம்மி பிசகினாலும், பீப் ஒலி கேட்கும், பச்சை விளக்கு எரியும், படம் மட்டும் கூர்மையாக வராது. விலை கூடிய பாடிகளில் இதை மெனுவிலேயே திருத்தலாம். ஆரம்ப வகைகளில் முடியாது. எனவே எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டு. அச்செழுத்துள்ள ஒரு பெட்டியைச் சாய்வாக வைத்து, நடு எழுத்தில் நடுப்புள்ளியை வைத்து, வியூஃபைண்டர் வழியாக நாலைந்து படம் எடு. பிறகு கேமராவை அசைக்காமல் லைவ் வியூவுக்கு (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறைக்கு) மாற்றி அதே எழுத்தில் ஃபோகஸ் செய்து எடு. லைவ் வியூ படம் கூர்மையாகவும் மற்றவை எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளியும் இருந்தால், அந்தப் பாடியோ லென்ஸோ சரியில்லை. வேறொன்று எடுத்துத் தரச் சொல். இதற்குக் கூச்சப்படாதே.

லைவ் வியூவில் ஃபோகஸ் மெதுவாகத்தான் பிடிக்கும். கைபேசிப் பழக்கத்தில் திரையைப் பார்த்தே எடுக்க நினைத்தால் 1500டி உன்னைச் சோர்வடையச் செய்யும். பேட்டரியும் வேகமாக இறங்கும்.

கடையில் கேமராவைக் கையில் பிடித்தவுடன் எம் மோடில் வை, அதாவது ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீயே அமைக்கும் முறையில். ஷட்டரை மாற்றும் சக்கரம் ஒன்றுதான் இருக்கும். அப்பர்ச்சரை மாற்ற ஒரு பொத்தானை அழுத்தியபடி அதே சக்கரத்தைத் திருப்ப வேண்டும். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் உன் கட்டைவிரல் அந்தப் பொத்தானைத் தேடிப் பிடிக்கிறதா என்று பார். சிலர் கைக்கு அது எட்டாது, அது யார் குற்றமும் இல்லை. அந்தக் கேமரா அவர்களுக்கு அளவானது அல்ல, அவ்வளவுதான்.

வீடியோதான் முதன்மை என்றால் இதை வாங்காதே. முழு எச்டி உண்டு, ஆனால் வெளி மைக் மாட்டத் துளையே இல்லை. அந்தத் தேவைக்கு 2019இல் வந்த 200டி மார்க் II இருக்கிறது: திரை திரும்பும், லைவ் வியூ ஃபோகஸ் வேகமானது, மைக் துளையும் உண்டு.

1500டி-க்கு நேர் போட்டி நிகான் டி3500. இரண்டும் 2018இல் வந்தவை. டி3500-ன் சென்சார் நிழல் பகுதியை ஏற்றும்போது சுத்தமாக நிற்கும், நொடிக்கு 5 படம் எடுக்கும்; கேனான் 3தான். பேட்டரி ஒரு முறை ஏற்றினால் 1550 படம் என்பது நிறுவனக் கணக்கு, கேனானுக்கு 500. படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் என் ஓட்டு நிகானுக்கு. அறைக்குள் எடுக்க அதற்கு 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் உண்டு; உன் சமையலறைக்கும் கரகாட்டத்துக்கும் அது ஒன்றே போதும். ஆனால் டி3500 தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், பழையதாகத்தான் தேட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: அதன் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 50 எம்எம் "டி" வகைப் பழைய லென்ஸை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டியிருக்கும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று எழுதியிருப்பதை வாங்கு. கேனானில் இந்தச் சிக்கல் இல்லை. 1987இல் தொடங்கிய இஎஃப் லென்ஸ்களில் ஆட்டோ ஃபோகஸ் உள்ளவை எல்லாவற்றுக்கும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

"எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்குப் போகிறார்களே மாமா" என்றும் எழுதியிருந்தாய். உண்மைதான், இரு நிறுவனங்களும் புது முயற்சியை எல்லாம் அங்கேதான் செலவிடுகின்றன. அதனாலேயே நல்ல டிஎஸ்எல்ஆர்கள் பழைய சந்தையில் குவிகின்றன, படிக்கிற பிள்ளைக்கு இது நல்ல காலம். இன்று வாங்கும் இஎஃப் லென்ஸ் நாளை கேனானின் ஆர் வகை மிரர்லெஸ்ஸில் அடாப்டர் போட்டு முழுதாக வேலை செய்யும். பாடி பழசாகும், லென்ஸ் உன்னோடு வரும்.

ஆகவே என் தீர்ப்பு இது. புதிதுதான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால் 1500டி எடு, 18-55 ஐஎஸ் II உடன். இரட்டை லென்ஸ் கிட் என்று 55-250ஐயும் சேர்த்துத் தருவார்கள். உன் விருப்பப் பட்டியலில் அதற்கு வேலை இல்லை, அந்தப் பணம் இரண்டு மாதம் கழித்து நீ தேர்ந்தெடுக்கும் லென்ஸுக்குப் போகட்டும். பழையது பரவாயில்லை என்றால் டி3500ம் 35 எம்எம்மும் தேடு.

பழையது பார்க்கும்போது, நிகானில் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பது படக் கோப்பிலேயே பதிந்திருக்கும். கேனான் இந்த வகைக் கேமராக்களில் அப்படி எழுதுவதில்லை. விற்பவர் சொல்லும் எண்ணை நம்பாமல், பிடி தேய்ந்த விதத்தைப் பார். லென்ஸுக்குள் டார்ச் அடித்து மறுபக்கமிருந்து நோக்கு. தூசி இருந்தால் கவலை வேண்டாம். சிலந்தி வலைபோல மெல்லிய இழை தெரிந்தால் அது ஃபங்கஸ், எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடு. நம் கடலோர ஈரத்துக்கு அது சீக்கிரம் வரும். வாங்கிய பிறகு பையிலேயே பூட்டி பீரோவில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பயன்படுத்து.

புதிது வாங்கினால் பில்லில் பாடி எண், லென்ஸ் எண் இரண்டையும் எழுதச் சொல். இந்திய வாரண்டி அட்டை இல்லாமல் விலை குறைத்துத் தருகிற வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம். ஃபோகஸ் கோளாறு வந்தால் சர்வீஸ் சென்டரில் இலவசமாகப் பார்த்துத் தர மாட்டார்கள்.

சனிக்கிழமை கடைக்குப் போகிறேன் என்றாயே, உன் மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோ. அந்தப் பெட்டிச் சோதனைப் படங்களையும், கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 1600, 3200, 6400 மூன்றிலும் உன் நண்பனின் முகத்தையும் ரா கோப்பாக எடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிறு காலை பார்த்துவிட்டு போன் செய்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
உன் மாமா