திறக்கக் கூடாத சுற்று

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வரும். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் ஆலைகள் அங்கே உண்டு. அத்தகைய ஆலை ஒன்றுக்கு வரும் மின்கம்பியில் 400 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அளக்க வேண்டிய அம்மீட்டரோ 5 ஆம்பியருக்கே செய்யப்பட்டது. என்ன செய்வது?

மின்னோட்ட மாற்றி இதற்காகவே உள்ளது. எலக்ட்ரீஷியன்கள் 'சி.டி.' என்பார்கள். ஓர் இரும்பு வளையத்தின் நடுவே ஆலையின் கம்பி செல்கிறது. அதுவே ஒரே சுற்றுள்ள முதன்மைச் சுருள். வளையத்தின்மேல் 80 சுற்றுகள் கொண்ட துணைச் சுருள். அதன் முனைகளில் அம்மீட்டர். 400 × 1 = 80 × 5; ஆகவே அம்மீட்டரில் 5 ஆம்பியர் ஓடும். இரண்டு சுருள்களின் விளைவும் ஒன்றையொன்று ஏறக்குறைய முழுதும் ஈடுசெய்வதால் இரும்பில் காந்தப்பாயம் மிகக் குறைவு. துணைச் சுருளின் முனைகளில் சில வோல்ட்டுகளே இருக்கும்.

சரி, அம்மீட்டர் பழுதாகிவிட்டது. ஆலை ஓடும்போதே கழற்றலாமா? வீட்டு வயரிங் மட்டும் பழகியவர், "சுற்றைத் திறந்தால் மின்னோட்டம் நின்றுவிடும், பயமில்லை" என்பார். துணைச் சுருளில் நிற்பது உண்மைதான். ஆனால் முதன்மையில் ஓடும் 400 ஆம்பியரைத் தீர்மானிப்பது அம்மீட்டர் அன்று, உலை! அது ஓடிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பார் இல்லாததால் அது முழுவதும் இரும்பைக் காந்தமாக்கவே பயன்படுகிறது. இரும்பு தெவிட்டுநிலை அடைகிறது. மின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம், அதாவது வினாடிக்கு 100 முறை, காந்தப்பாயம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவுகிறது. ஃபாரடேயின் விதியை நினைவுகூருங்கள்: பாயம் விரைந்து மாறினால் மின்னியக்கு விசை கூடும். நூற்றுக்கணக்கில், பெரிய மாற்றிகளில் ஆயிரக்கணக்கில், வோல்ட்டுகள் துடிப்புகளாக எழும். காப்பு எரியலாம்; தொட்டவர் உயிரே போகலாம்.

ஆகவே முதலில் துணைச் சுருளின் இரு முனைகளையும் ஓர் உலோகத் தகட்டால் இறுக இணைத்துவிட்டு, பிறகே அம்மீட்டரைக் கழற்ற வேண்டும். 'ஷார்ட்' என்றாலே தீப்பொறி என்று நினைக்கும் நமக்கு இது விந்தைதான்; ஆனால் அங்கே ஓடுவது அதே 5 ஆம்பியர். இதே காரணத்தால் துணைச் சுற்றில் ஃபியூஸ் வைப்பதில்லை. அதன் ஒரு முனையை நிலத்துடன் இணைத்திருப்பார்கள். காப்பு பழுதாகி ஆலைக் கம்பியின் உயர் மின்னழுத்தம் மீட்டர் பக்கம் வந்தாலும் ஆளைத் தாக்காமல் இருப்பதற்காக.

மின்னழுத்த மாற்றிக்கு விதி நேர்மாறு. அதன் துணைச் சுருளைத் திறந்து வைக்கலாம், ஷார்ட் செய்யக் கூடாது, ஃபியூஸும் அவசியம். ஏன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.