பழைய வீடு: இடிப்பதற்கு முன்னும் காப்பதற்கு முன்னும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வரும்போதுதான் இந்தப் பேச்சு எழும். மலேசியாவின் பேராக்கில், ஈப்போ புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ பத்து காஜாவிலோ, அப்பா கட்டிய பலகை வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து, "இதை இடிச்சுட்டுக் கல்லு வீடா கட்டிடலாம்" என்பார் ஒருவர். "அம்மா இருக்கிற வரைக்கும் ஒரு பலகையைத் தொடக்கூடாது" என்பார் இன்னொருவர். இரண்டுமே பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால் இரண்டிலும் சரிபார்க்காத நம்பிக்கைகள் கலந்திருக்கின்றன. அவற்றால் இன்னும் பல காலம் நின்றிருக்கக்கூடிய வீடுகள் இடிபடுகின்றன. இடிக்கவேண்டிய வீடுகளில் முதியவர்கள் ஆபத்தோடு குடியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "மூணு தலைமுறையா இருக்கோம், இது நம்ம நிலம்தான்."

உண்மை: தோட்டத்து லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம், வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, நெடுங்காலம் குடியிருந்ததால் மட்டும் நில உரிமை பிறக்காது. மதிப்பீட்டு வரி கட்டிய ரசீதும் பட்டா ஆகாது. தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில், அதாவது டி.ஓ.எல். நிலத்தில், வீடு கட்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அந்த உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும்.

இந்தப் பாடத்தைப் பேராக் தமிழர்கள் பட்டே கற்றார்கள். ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் வேலையும் கூரையும் ஒரே நாளில் பறிபோயின. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். தொழிலாளர்கள் தங்கள் சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். ஆகவே கூரையைப் பார்ப்பதற்கு முன் நில அலுவலகத்துக்குப் போய்ப் பட்டாவைப் பாருங்கள்.

நம்பிக்கை 2: "மூத்தவர் முடிவெடுத்தால் போதும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இதில் என்ன பேச்சு?"

உண்மை: உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லாவிட்டால் மனைவிக்கு அல்லது கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மூத்தவர் இளையவர் என்ற வேறுபாடு இல்லை. தாத்தா பெயரிலேயே பட்டாவை விட்டுவைத்தால் தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் பெருகுவார்கள், கையெழுத்துகளும் பெருகும். கவனிப்பாரற்றுச் சாய்ந்துகிடக்கும் வீடுகள் பலவற்றின் நோய் கரையான் அல்ல, முடிக்காமல் விட்ட பெயர் மாற்றம்.

நம்பிக்கை 3: "சுவர் ஊறுது, பலகை உளுத்துப்போச்சு. வீட்டுக்கு வயசாயிடுச்சு."

உண்மை: வீட்டைக் கொல்வது வயதல்ல, தண்ணீர். ஓட்டை விழுந்த தகரம், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், சுவரோரம் தேங்கும் சாக்கடை ஆகிய மூன்றையும் சரிசெய்தால், 'வயதாகிவிட்டது' என்று கைவிட்ட பல வீடுகள் நிமிரும். உத்தரத்தின் முனையில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே எளிதாக இறங்கினால் மரம் போய்விட்டது. இறங்காவிட்டால் இன்னும் உறுதியாக இருக்கிறது. சுவர் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, சில மாதம் கவனியுங்கள். நீளாத, அகலாத விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நிற்பது. வளர்ந்துகொண்டே போனால் அடித்தளம் நகர்கிறது என்று கொண்டு பொறியாளரை அழைக்கவேண்டும்.

நம்பிக்கை 4: "மேலே சிமெண்டு பூசிவிட்டால் உறுதியாகிவிடும்."

உண்மை: ஈப்போ பழைய நகரத்தில் உள்ளவை போன்ற அந்தக் காலத்துச் செங்கல் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அவை மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சோடு செங்கல்லும் உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

நம்பிக்கை 5: "புதிதாகக் கட்டினால் கவலை விட்டது."

உண்மை: ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் இதை யோசிக்காமல் சொல்லக்கூடாது. நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. நீர் அதைக் கரைத்து உள்ளே பொந்துகள் உண்டாக்கும். இங்கே நிலம் திடீரென உள்வாங்கிய இடங்கள் உண்டு. பல இடங்கள் பழைய ஈய லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள். அங்கே மேலே மணல், கீழே இளகிய சேறு. இலேசான பலகை வீட்டை இத்தனை ஆண்டு தாங்கிய மண், இரண்டு மாடிக் கான்கிரீட்டைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. மண் பரிசோதனைச் செலவையும் அடித்தளத் தூண்களின் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகே 'பழுது பார்ப்பதைவிடப் புதுசு மலிவு' என்று சொல்லுங்கள். கரையானும் பெரும்பாலும் மண்ணிலிருந்துதான் வருகிறது. கல்லு வீட்டின் கதவையும் அலமாரியையும் அது விட்டுவைக்காது.

நம்பிக்கை 6: "பழைய வீடென்றால் அரசாங்கம் இடிக்க விடாது."

உண்மை: 1948-க்கு முந்திய கட்டடங்களுக்குக் கவசமாக இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டுவிட்டது. 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் முறைப்படி அறிவிக்கப்பட்ட இடங்களைத்தான் காக்கும்; வயது மட்டும் போதாது. அதற்காக, சொந்த வீடுதானே என்று நினைத்தபடி இடித்துக் கட்டவும் முடியாது. வரைபடம் கொடுத்து உங்கள் பகுதி உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி பெறவேண்டும். கூரை பழைய கல்நார்த் தகடாக இருந்தால் அதை உடைக்கவே கூடாது. அதன் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். முறை தெரிந்தவர்களே கழற்றவேண்டும்.

நம்பிக்கை 7: "பெரிய வீடாகக் கட்டினால் பிள்ளைகள் திரும்பி வருவார்கள்."

உண்மை: பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் தம் குடும்பத்துக்காக 1915-இல் அந்த மாளிகையைத் தொடங்கினார். மதராசிலிருந்து வந்த நம் தொழிலாளர்கள் அதைக் கட்டினார்கள்; விஷக்காய்ச்சலில் பலர் மாண்டார்கள். 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்தார். மாளிகை முடியவே இல்லை, குடும்பமும் அங்கே வாழவில்லை. அந்தத் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலிலோ இன்றும் விளக்கு எரிகிறது. ஆள் வந்துபோகும் கட்டடமே வாழும். யார் குடியிருக்கப் போகிறார் என்று தெரியாமல் கட்டும் வீடும் காக்கும் வீடும் ஒன்றுதான்: பூட்டிய வீடு.

நம்பிக்கை 8: "இடித்தால் அப்பாவுக்குச் செய்யும் துரோகம்."

உண்மை: அடித்தளம் நகர்ந்து, உத்தரம் உளுத்துப்போன வீட்டில் அம்மாவைப் படுக்கவைப்பதுதான் தவறு. அப்படிப்பட்ட வீட்டை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு அறையையும் அளந்து வரைந்து, படம் எடுத்து, யார் எங்கே பிறந்தார்கள், சாமி மாடம் எந்தச் சுவரில் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள். நல்ல கதவையும் நிலையையும் புது வீட்டில் பொருத்துங்கள். நம் தோட்டத்து லயங்கள் எத்தனையோ ஒரு படம்கூட மிஞ்சாமல் செம்பனைக்கு அடியில் போய்விட்டன. அந்த இழப்பை நம் கையால் இன்னொரு முறை செய்யவேண்டாம்.

அடுத்த முறை குடும்பம் கூடும்போது இடிப்பதா காப்பதா என்று தொடங்காதீர்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, தண்ணீர் எங்கே இறங்குகிறது, கீழே மண் எப்படி, இங்கே யார் வாழப்போகிறார் என்ற நான்கையும் முதலில் கேளுங்கள். நான்குக்கும் விடை கிடைத்த பிறகு, அம்மாவையும் அக்கா தங்கைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து முடிவெடுங்கள்.